பூஜ்யத்துக் கதவு

கடப்பாக்கம் நிறுத்தத்தில் சிநேகா பேருந்தை விட்டு இறங்கியபோது காலை மணி பதினொன்று. பார்ப்பதற்கோ சாயங்காலம் ஆறரை போல இருந்தது. கார்த்திகை மாதத்து மேகம் கடலையும் ஊரையும் சேர்த்து ஒரே போர்வையாகப் போர்த்தியிருந்தது. காற்றில் கருவாட்டு வாசனையோடு இன்னொரு வாடையும் கலந்து வந்தது. நாள்கணக்கில் காயாமல் கிடந்த ஈரத்துணியின் வாடை. மழைக்காலத்தில் கடலோரம் அப்படித்தான் நாறும் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலம்பரைக் கோட்டைக்குப் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில், மொட்டைமாடியில் இரும்புக் கோபுரத்தோடு இரண்டு அறைக் கட்டடம் ஒன்று உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது ரேடியோ ரூம். ஆழத்துக்குப் போகிற படகு ஒவ்வொன்றிலும் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கும். செல்போனும் வயர்லெஸ்ஸும் கைவிட்ட தூரத்திலும் அந்தப் பெட்டி செயற்கைக்கோள் வழியாகப் படகு இருக்கும் இடத்தைச் சொல்லும். இரண்டு வரி செய்தி அனுப்பவும் வாங்கவும் செய்யும். நாற்பத்தொரு படகு, நாற்பத்தொரு பெட்டி, நாற்பத்தொரு எண். எல்லாம் வந்து சேர்வது ரேடியோ ரூமில் இருக்கும் ஒரே ஒரு கணினிக்கு.

அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்வது சிநேகாவின் வேலை. பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் கணவன் தாவீதின் வேலை. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு சின்னக் கடை வைத்துப் பிழைக்கிறார்கள். தாவீது அன்று விடியற்காலையிலேயே பைக்கில் வந்து, ஜெரோம் என்பவர் புதிதாக வாங்கிய படகில் புதுப் பெட்டியோடு கடலுக்குப் போயிருந்தான். அந்தப் பெட்டிக்கு இன்னும் எண் கொடுக்கவில்லை. அது அவர்கள் கடை வழக்கம். முதலில் பெட்டியைக் கடலில் அரை நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். உருப்படியாக வேலை செய்தால் கரைக்கு வந்தபிறகு எண் போட்டு, பட்டியலில் பெயர் ஏற்றுவார்கள். "புள்ள அழுவுதான்னு பாத்துட்டுதான் பேரு வைக்கணும்" என்று தாவீது முன்பெல்லாம் கேலியாகச் சொல்வான்.

எட்டு மாதமாக அப்படிச் சொல்வதை விட்டுவிட்டான்.

ஏழாம் மாதத்தில் அவர்கள் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. பெண் குழந்தை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத சாவு. உயிரில்லாமல் பிறந்த குழந்தைக்கான படிவத்தில் தாயின் பெயர், தகப்பன் பெயர், எடை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. குழந்தையின் பெயருக்கு மட்டும் இடமில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்தத் துணிப்பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் ஒருவர் காதில் ஒருவர் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். ஒரே ஒரு தடவை. சிநேகாவின் அம்மாவுக்குக்கூட அந்தப் பெயர் தெரியாது.

"வாம்மா சிநேகா, வா. நல்ல நேரத்துல வந்த" என்றாள் விஜயகுமாரி. ரேடியோ ரூமில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். அவள் புருஷன் பதினேழாம் எண் படகுக்காரன். "பத்து மணிக்கு மெசேஜு வந்துச்சு. நாளைக்குக் கரைக்கு வர வேண்டிய பொயலு இன்னிக்கு சாயங்காலமே வருதாம். நாப்பத்தொண்ணும் ஆழத்துல கீது. உன் வூட்டுக்காரரு போன போட்டும் அங்கதான் கீது."

"மாமா போனு ஸ்விட்ச் ஆஃப்னு வருதுக்கா."

"அத்த வுடு. இந்த மிசினு வேற காலைலருந்து மூணு தபா வுழுந்துடிச்சு."

அவள் எதிரே நோட்டு விரித்திருந்தது. கணினி விழுந்த நேரம், எழுந்த நேரம், படகுக்குச் சொன்ன சேதி எல்லாம் வரிசையாக எழுதியிருந்தாள். பக்கத்தின் முதல் வரி மட்டும் காலி. எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான். அது ஏன் என்று சிநேகா முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள். அம்பி சார் சொன்னது, அதனால் விடுகிறோம் என்று பதில் வந்தது.

அம்பி சார் திருக்கழுக்குன்றத்துக்காரர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். சுனாமிக்குப் பிறகு இந்த ஊருக்காகச் சல்லிக்காசு வாங்காமல் இந்தக் கணினிக்கு நிரல் எழுதிக் கொடுத்தவர். அவர் காலமாகி மூன்று வருஷமாகிறது. கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.

"பூஜ்யத்தில் யாரும் குடியிருக்கக்கூடாது. விழுந்தால் எழுப்பு. திறக்காதே."

சிநேகாவுக்கு அதில் மர்மம் ஒன்றும் தெரிந்ததில்லை. படித்தவர்களுக்குப் புரிகிற சாதாரண விஷயம். கணினியின் நினைவகம் ஒரு நீளமான தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். பூஜ்யத்தில் தொடங்கும் அந்தத் தெருவின் முதல் 65,536 கதவுகளையும் பூட்டி வைப்பது நல்ல வழக்கம். ஏனென்றால் போக வேண்டிய வீட்டின் எண் தெரியாமல் வெறுங்கையோடு கிளம்புகிறவன் கடைசியில் போய் நிற்பது பூஜ்யத்தில்தான். கதவு பூட்டியிருந்தால் முட்டிக்கொண்டு விழுவான், அதோடு போயிற்று. திறந்திருந்து, உள்ளே எவனோ உட்கார்ந்திருந்தால்? அவன் சொல்வதே வேதம் என்று கேட்டுக்கொண்டு வருவான். வெறுங்கையோடு போனது தெருவின் காவல்காரனாகவே, அதாவது கெர்னலாகவே, இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். தெருவின் எல்லா வீட்டுச் சாவியும் அவன் இடுப்பில் இருக்கிறது. பூஜ்யத்தில் இருப்பவன் சொன்னதை அவன் தெரு முழுக்கச் செய்துவிடுவான்.

அவள் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் இருந்த நாற்பத்தொரு பச்சைப் புள்ளிகளும் ஒன்றாக அணைந்தன.

"தோ, நாலாவது தபா" என்று விஜயகுமாரி நோட்டை எடுத்தாள்.

சிநேகா கணினியின் பதிவைத் திறந்து கடைசி வரிகளைப் படித்தாள். எண் இல்லாத பெட்டி ஒன்றிலிருந்து அழைப்பு. பட்டியலில் தேடினால் கிடைக்கவில்லை. போக வேண்டிய முகவரி பூஜ்யம். அங்கே பூட்டு. காவல்காரன் விழுந்தான்.

கடலில் எண் இல்லாத பெட்டி இன்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

"அக்கா, இது மாமாதான். அவருதான் கூப்டுகினு கீறாரு."

எழுப்புவதற்கு நான்கு நிமிஷம் ஆகும். எழுப்பினாள். புள்ளிகள் வந்தன. 'கரைக்குத் திரும்புங்கள்' என்ற சேதியை ஏற்றி ஆறு படகுகளுக்குப் போவதற்குள் மறுபடி அழைப்பு வந்தது. விழுந்தது. எழுப்பினாள். இந்தத் தடவை இரண்டு படகு. விழுந்தது. உதவி என்று எவனோ கதவை இடிக்க இடிக்க வீடே சரிந்துகொண்டிருந்தது. எண் கொடுக்கலாம் என்றால் பெட்டியின் ரகசியக் குறி தாவீதின் பையில், பெட்டியோடு கடலில். கரைக்கு வந்தபிறகு போட வேண்டிய எண்ணை நேற்று ராத்திரியே போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மணி பன்னிரண்டேமுக்கால். ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. இன்னும் முப்பத்திமூன்று படகுக்குச் சேதி போகவில்லை.

"பூட்டைத் தொறந்துடறேன்" என்றாள் சிநேகா.

"இன்னாது?"

"பூஜ்யத்தை. ஒரே ஒரு நம்பர மாத்தணும். 65536ன்னு கீறத பூஜ்யமா ஆக்கிட்டா அம்பி சாரோட பழைய நிரல் தானே அங்க போய்க் குந்திக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் காலி ரூம். மாமா கூப்பிட்டா விழாம சேதி வரும்."

"வேணாம் சிநேகா. அவரு எழுதிக்கீறாரு பாரு. ஒரே ஒரு தபா அவரே தொறந்தாரு. அப்பால மூணு நாளு சோறு துன்னல."

"அக்கா, தண்ணில கீறது என் புருஷன்!"

விஜயகுமாரி நோட்டை மூடி வைத்தாள். அவள் புருஷனும் தண்ணீரில்தான் இருந்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் நன்றாகத் தெரிந்தவள்தான் சிநேகா. தெரிந்தேதான் விட்டாள்.

ஒரு வரி. ஒரு தட்டு.

நாற்பத்தொரு புள்ளிகளும் நிலைத்து நின்றன. பட்டியலின் தலையில், முதல் எண்ணுக்கு மேலே, இதுவரை யாரும் பார்த்திராத ஒரு வரிசை வந்தது. எண்: 0. பெயர்: காலி. இடம்: காலி.

அப்போது ஈரத்துணி வாடை அறைக்குள் வந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

திரையில் ஒரு சேதி விழுந்தது.

"இருட்டா கீது."

சிநேகா கிட்டத்தட்ட அலறியே விட்டாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். "மாமா! எங்க கீறீங்க?"

"தண்ணி. சுத்தித் தண்ணி."

"போட்டு முழுவுதா? ஜெரோம் அண்ணன் கூட கீறாரா?"

"யாரும் இல்ல."

எழுத்துகள் தப்பும் தவறுமாக விழுந்தன. "பயப்படாதீங்க. ஆளு அனுப்பறேன். எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"நீ பேசறது கேக்குது."

விரல்கள் நின்றன. பெட்டியில் எழுத்து மட்டும்தான் போகும். ஒலிவாங்கி கிடையாது. அந்தப் பெட்டிகளைக் கழற்றி மாட்டியதில் பாதி அவள் கைவேலை. தண்ணீரில் கிடக்கிறவன் புத்தி பேதலித்து எதையாவது சொல்வான் என்று தேற்றிக்கொண்டாள்.

"என்ன ஏன் எழுதல?"

சிநேகா உடைந்து அழுதாள். எண் போடாததைத்தான் கேட்கிறான், வேறு எதைக் கேட்பான்? "வந்ததும் எழுதறேன் மாமா. சத்தியமா எழுதறேன். தப்பு என்னுதுதான்."

விஜயகுமாரி அவள் தோளைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது. காதோடு காதாகச் சொன்னாள். "அது தாவீது தம்பிதானான்னு கேளு."

"வேற யாருக்கா?"

"கேளு. அவருக்கு மட்டும் தெரிஞ்சத கேளு."

சிநேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்க மனசு கூசியது. கேட்டாள்.

"நம்ப ரெண்டு பேரு மட்டும் சொன்ன பேரு ஒண்ணு கீதே. அத்த சொல்லுங்க."

கட்டடத்துக்கு மேலே கோபுரம் காற்றில் முனகியது. தரையில் கால் வைத்த இடம் பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தால் மொசைக் முழுக்க வேர்த்திருந்தது.

"எப்சிபா."

சிநேகா திரையில் நெற்றியை வைத்து அழுதாள். அவன்தான். சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு பேர் மூச்சுக்காற்றில் சொல்லிப் புதைத்த பெயர் அது. "அக்கா, மாமாதான்க்கா. எடத்த மட்டும் வாங்கிட்டா போதும். பதினேழுல அண்ணன் பக்கத்துல கீறாரா பாருங்க."

இடம் வந்தது. காலியாக இருந்த கட்டத்தில் எண்கள் தாமாக நிரம்பின. கரையிலிருந்து கிழக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஜெரோமின் படகில் இருக்கும் டீசலுக்கு அதில் பாதி தூரம்கூடப் போக முடியாது. அதை யோசிக்கக்கூட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

திரை ஓடத் தொடங்கியது.

எண் 1க்கு: இங்க வா.

எண் 2க்கு: இங்க வா.

எண் 3க்கு: இங்க வா.

சிநேகாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

நாற்பத்தொன்று வரை போய் மறுபடி ஒன்றுக்கு வந்தது. ஒவ்வொரு சேதியோடும் அந்த இடத்தின் எண்கள். ரேடியோ ரூமின் முத்திரையோடு, 'அவசரம்' என்ற சிவப்புப் பட்டையோடு. காவல்காரன் பூஜ்யத்து வாசலில் போய் நின்று, உள்ளே இருப்பது சொன்னதை எல்லா வீட்டுக்கும் எடுத்துப் போய்க்கொண்டிருந்தான். ஓணான் வேலியோடு போயிருக்கும். அதை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவள்தான்.

கரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த எட்டுப் புள்ளிகளும் தயங்கின. பிறகு எல்லாப் புள்ளிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. கிழக்கே.

விஜயகுமாரி வயர்லெஸ்ஸைப் பிடுங்கி அலறினாள். இரைச்சல்தான் வந்தது. நாலாவது தடவை அவள் புருஷனின் குரல் கிழிந்து கிழிந்து கேட்டது. "நீங்கதானே அனுப்சீங்க... அவசரம், இங்க வான்னு... பொயலுதான் தெச மாறிடிச்சோன்னு... எல்லாப் போட்டும் திரும்பிகினு கீது..."

"நாங்க அனுப்பல! வராதீங்க! கரைக்கு வாய்யா, கரைக்கு!"

இரைச்சல் விழுங்கிக்கொண்டது. விஜயகுமாரி அப்படியே சிநேகாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூடிடும்மா. ஒன் காலப் புடிச்சிக் கேக்கறேன். ஒரு போட்டுக்கு மூணு பேருன்னாகூட நூத்து இருவது பேரும்மா. என் வூட்டுக்காரரும் கீறாரு."

சிநேகா 65536 என்று மாற்றித் தட்டினாள். பூட்டு விழுந்தது. சேதிகள் நிற்கவில்லை. நிற்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூட்டு புதிதாக வருகிறவரைத் தடுக்கும், உள்ளே குடியேறிவிட்டவரை வெளியேற்றாது. அதற்கு ஒரே வழி கணினியின் உயிரை நிறுத்துவது. நிறுத்தினால் தாவீதின் குரலும் அதோடு போகும்.

சுவரில் இருந்த மின்கம்பியை ஒரு கையிலும் பேட்டரியின் கம்பியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். மண்டியிட்டு ஜெபம் பண்ணக்கூட வார்த்தை வரவில்லை.

"மூடாத."

"மாமா, என்ன மன்னிச்சிடுங்க" என்றாள். இந்தத் தடவை தட்டவில்லை. வாயால்தான் சொன்னாள்.

"மூடாத."

"நூத்து இருவது பேரு மாமா."

திரையில் கடைசியாக ஒரு வார்த்தை வந்தது.

"மறுபடியுமா?"

அவளுக்கு அது புரியவில்லை. இரண்டு கம்பியையும் பிடுங்கினாள்.

நான்கு நிமிஷம் இருட்டு. மழை கூரையில் இறங்கியது. பிறகு கணினி எழுந்தது. எண் 65536 என்று மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டு, நாற்பத்தொரு படகுக்கும் சேதி அனுப்பினாள். முந்தைய உத்தரவு தவறு, உடனே கரைக்குத் திரும்புங்கள் என்று. பாதி போவதற்குள் எண் இல்லாத அழைப்பு வந்து விழுந்தது. எழுப்பினாள். மறுபடி விழுந்தது. எழுப்பினாள். ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் தத்தளிக்கிற புருஷனின் கையைத் தானே படகு விளிம்பிலிருந்து பிய்த்து எடுப்பது போலிருந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக மேற்கே திரும்பின. நாலு மணிக்கு அழைப்புகள் நின்றுபோயின. நின்றதற்கு என்ன அர்த்தம் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

ஐந்தரைக்குக் கடைசிப் படகு வந்தது. நாற்பத்தொன்றும் வந்தாயிற்று. விஜயகுமாரி கரைக்கு ஓடிப் போயிருந்தாள். சிநேகா ரேடியோ ரூம் படியில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை எப்போதோ வற்றிவிட்டது.

கோட்டைப் பக்கமிருந்து இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருவன் பையைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தான்.

"இன்னா சிநேகா, மழைல குந்திகினு கீற?" என்றான் தாவீது.

அவள் அவனை அடித்தாள். கன்னத்தில், மார்பில், தோளில். பிறகு கட்டிக்கொண்டு கதறினாள். ஜெரோம் என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

ஏழு மணிக்கே இன்ஜின் படுத்துவிட்டதாம். துடுப்புப் போட்டுக் கோட்டைக்குப் பின்னால் கழிமுகத்துக்குள் ஒதுங்கி, நாள் முழுக்க இன்ஜினைப் பிரித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். ஆழத்துக்கே போகவில்லை. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது.

"நீங்க மெசேஜ் அனுப்சீங்களே மாமா. மத்தியானம். பொட்டில."

"பொட்டிலயா?" தாவீது பையைத் திறந்து காட்டினான். புதுப் பெட்டி கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பேட்டரி தனியே இன்னொரு உறையில். "இத்த நான் ஆன் பண்ணவேயில்ல."

சிநேகா வெகுநேரம் அந்த உறையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேரு..." என்றாள். "நம்ப பாப்பா பேரு. நீங்க யார்கிட்டனா சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல."

"நானும் சொல்லல."

அந்தப் பெயர் இரண்டு பேர் காதில் சொல்லப்பட்டது. ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் இருந்தது மூன்று பேர். இருட்டு, சுற்றிலும் தண்ணீர், யாரும் இல்லை, நீ பேசுவது கேட்கிறது, என்னை ஏன் எழுதவில்லை. ஏழு மாதம் அவள் வயிற்றுக்குள் கிடந்து அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. கம்பியைப் பிடுங்குவதற்கு முன்னால் அது கேட்ட கடைசிக் கேள்வியும் புரிந்தது. சிநேகா படியிலேயே மயங்கி விழுந்தாள்.

மறுநாள் புயல் கடந்து வெயில் அடித்தது. பதினொன்றே முக்காலுக்குக் கணினி விழுந்தது. பதிவில் அதே வரி. எண் இல்லை, முகவரி பூஜ்யம், பூட்டு. மத்தியானம் இரண்டு தடவை. அடுத்த நாள் நான்கு. விஜயகுமாரி எழுப்பினாள், நோட்டில் எழுதினாள், முதல் வரியைக் காலியாக விட்டாள்.

"அம்பி சாருக்கு சாவித்ரின்னு ஒரு தங்கச்சிம்மா" என்று அன்றுதான் சொன்னாள். "சுனாமில மாமல்லபுரத்துல போச்சு. ஒடம்பு கெடைக்கல. அவரு தொறந்த அன்னிக்கு யாரு பேசினாங்கன்னு சொல்லவேயில்ல. பூட்டிட்டு சீட்டு எழுதி ஒட்டினாரு, அவ்ளோதான்."

தாவீது எவ்வளவோ சொன்னான். அது பாப்பா இல்லை, பாப்பா பெயரைச் சொல்லி ஊரையே மூழ்கடிக்கப் பார்த்த ஏதோ ஒன்று என்றான். இருக்கலாம். ஆனால் கணினி விழுகிற ஒவ்வொரு தடவையும் சிநேகாவின் மார்பில் எட்டு மாதத்துக்கு முன்னால் வற்றிய பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அவள் கை தானாகக் கீபோர்டுக்குப் போகும். ஒரு வரி, ஒரு தட்டு. விஜயகுமாரி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள்.

ஐந்தாம் நாள் சிநேகாவுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் இவ்வளவு எளிதா என்று சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதாள். எண் இல்லாததால்தானே பூஜ்யத்தில் போய் முட்டுகிறது? திறப்பானேன். எண்ணைக் கொடுத்துவிட்டால் போகிறது.

பட்டியலின் கடைசியில் புதிய வரிசை திறந்தாள். எண்: 42. ரகசியக் குறி: 0. பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவளால் முடியவில்லை. தாவீது நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினான். எப்சிபா. படிவத்தில் இடமில்லாத பெயருக்கு இடம் கிடைத்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்கள்.

அன்று கணினி விழவில்லை. அதற்கு மறுநாளும் விழவில்லை.

இரண்டு வாரம் போயிற்று. தெருவில் நட்சத்திர விளக்குகள் தொங்க ஆரம்பித்தன. சிநேகா கொஞ்சம் சாப்பிட்டாள், கொஞ்சம் தூங்கினாள். செய்தது சரிதான் என்று தாவீதே ஒத்துக்கொண்டான்.

டிசம்பர் பதினெட்டு, பட்டப்பகல் பன்னிரண்டு மணி. மாதாந்திரச் சோதனைக்காகச் சிநேகா ரேடியோ ரூமில் தனியாக இருந்தாள். தாவீது காய்ச்சல் என்று செங்கல்பட்டில் வீட்டில் படுத்திருந்தான். நாற்பத்தொரு புள்ளிகளும் கடலில் ஒழுங்காக நின்றன. நாற்பத்திரண்டாவது வரிசையை அவள் வழக்கம்போல் கடைசியாகத்தான் பார்த்தாள். இடம் என்ற கட்டம் எப்போதும் காலியாக இருக்கும்.

காலியாக இல்லை.

வரைபடத்தைப் பெரிதாக்கினாள். படகுகள் போன தடத்தைக் காட்டுகிற மெல்லிய கோடு ஒன்று, கிழக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், அந்தப் பழைய இடத்தில் தொடங்கியது. கரைக்கு வந்து, பாலாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ளே நுழைந்தது. ஆற்றோடு மேலே ஏறியது. மாமண்டூர்ப் பாலத்துக்கு அருகில் ஆற்றை விட்டு வெளியே வந்து சாலையைப் பிடித்தது. பதினாறு நாள், இரவும் பகலும், எங்கேயும் நிற்காமல். வேகத்தைக் கணக்கிட்டாள். மணிக்கு அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு.

தவழ்கிற வேகம்.

கோடு செங்கல்பட்டுக்குள் வந்து, ரயில் பாதையைக் கடந்து, அவர்கள் தெருவில் திரும்பி, அவர்கள் வீட்டின் மேல் நின்றது.

போன் அடித்தது. தாவீது.

"சிநேகா" என்றான். குரல் கீழே போயிருந்தது. "நீ வூட்டுக்கு வந்துட்டியா?"

"இல்லியே. ஏன் மாமா?"

"உள் ரூம்ல யாரோ கீற மாதிரி..." அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். "ஈரத்துணி நாத்தம் அடிக்குது சிநேகா. தரையெல்லாம் வேர்த்துகினு கீது."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது திரையில், நாற்பத்திரண்டாவது வரிசையின் கடைசிக் கட்டம், படகு திரும்பி வந்ததும் மாறுகிற அந்தக் கட்டம், தானாக மாறியது.

கரை சேர்ந்தது.